பாதிக்கு மேல் காற்று

காகிதக் கிண்ணத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மாவு ஊற்றுகிறோம். இருபது நிமிடம் கழித்து ஓவனைத் திறந்தால் கிண்ணம் நிரம்பி, விளிம்புக்கு மேலே சின்னக் குன்றாக எழுந்து நிற்கிறது கப்கேக். இடையில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. தராசில் வைத்துப் பார்த்தால் முன்பிருந்ததைவிடச் சில கிராம் குறைந்தே இருக்கும். எடையில் இளைத்த பொருள் உருவத்தில் பெருத்தது எப்படி?

ஆறிய கப்கேக் ஒன்றை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள். (பக்கத்தில் குழந்தைகள் இல்லாத நேரமாக இருக்கட்டும்.) கை நிறைய இருந்த கேக், ரவா லட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். காணாமல் போனது அத்தனையும் காற்று. நல்ல கேக்கின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வெறும் இடம்தான். மைதா, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், கொக்கோ எல்லாம் அந்த இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வந்த செங்கல்லும் சுண்ணாம்பும்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது அக்கா மகளின் ஏழாவது பிறந்தநாளால். கடைக் கேக் வேண்டாம், மாமா செய்யும் சாக்லேட் கப்கேக்தான் வேண்டும் என்று அவள் பள்ளியில் அறிவித்துவிட்டாள். மொத்தம் 24 கப்கேக். ஊர் மதுரை, மாதம் மே. முதல் ஈடு நடுவில் குழிந்தது, இரண்டாம் ஈடு தப்பித்தது, அதன் தலையில் வைத்த ஐசிங் வழிந்து ஓடியது. மூன்றுக்கும் காரணம் தேடிப் போனபோதுதான், ஒவ்வொரு கப்கேக்கும் எத்தனை பேரின் மூளையையும் எத்தனை கோடி நுண்ணுயிர்களின் உழைப்பையும் தின்று வளர்ந்தது என்று புரிந்தது.

முதலில் குமிழி. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து வெளிர்நிறம் வரும்வரை அடிக்கச் சொல்கிறது சமையல் குறிப்பு. கலப்பதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். கலப்பது அங்கே துணை வேலை. சர்க்கரைப் படிகங்களுக்குக் கூரிய முனைகள் உண்டு. பீட்டர் சுழலும்போது அவை ஏர்க்கொழு மாதிரி வெண்ணெயை உழுதுகொண்டு போகின்றன. ஒவ்வொரு சாலிலும் துளிக் காற்று மாட்டிக்கொள்கிறது. மஞ்சளாக இருந்த வெண்ணெய் வெளுத்துப்போவது இதனால்தான். உள்ளே அடைபட்ட எண்ணற்ற குமிழிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கடல் நுரை வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால். பொடித்த சர்க்கரையின் துகள்கள் மிகவும் பொடி, உழவு சரியாக நடக்காது. வெண்ணெயும் பக்குவமாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் ஏர் இறங்காது, உருகியிருந்தால் காற்று நிற்காது. 20 டிகிரி வாக்கில் இருப்பது உத்தமம். மே மாத மதுரைச் சமையலறையில் அந்தப் பக்குவம் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

குமிழிகளை இவ்வளவு பாடுபட்டு இப்போதே விதைக்க வேண்டுமா, பிறகு பேக்கிங் பவுடர் போடத்தானே போகிறோம்? இங்கேதான் பலர் அறியாத சங்கதி ஒன்று இருக்கிறது. பேக்கிங் பவுடரால் புதிதாக ஒரு குமிழியைக்கூட உண்டாக்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் குமிழிகளை ஊதிப் பெரிதாக்க மட்டுமே அதற்குத் தெரியும். பலூன் ஊதுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும், கொஞ்சம் விரிந்த பிறகு சுலபம். திரவத்துக்குள் குமிழியின் நிலையும் ஏறக்குறைய அதேதான். குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடுமையாக அதைச் சுற்றியுள்ள திரவத்தின் இழுவிசை அதை நசுக்கும். சூனியத்திலிருந்து ஒரு குமிழி பிறப்பது மகா கடினம். அதனால் வாயு, இருக்கிற குமிழியைத் தேடிப்போய் அதற்குள் நுழைகிறது. பீட்டரால் நீங்கள் விதைத்த குமிழிகளின் எண்ணிக்கைதான் கேக்கின் தலையெழுத்து. நிறைய விதைத்தால் பஞ்சு போன்ற நுண்துளைகள். சோம்பேறித்தனமாக விதைத்தால், உள்ள சில குமிழிகளே வாயு முழுவதையும் வாங்கிக்கொண்டு பெருத்து, மேலே மிதந்து உடைந்துபோகும்.

வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்கில் இந்த உழவு கிடையாது. அங்கே முட்டையை அடித்துத்தான் காற்றைப் பிடிக்க வேண்டும். ஆனால் எண்ணெய்க் கேக் மறுநாளும் மெத்தென்று இருக்கும், ஏனென்றால் எண்ணெய் உறைவதில்லை. பிறந்தநாளுக்கு முந்தைய இரவே சுட்டு வைப்பவர்கள் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது வாயு. சமையல் சோடா, அதாவது நம் வீட்டு ஆப்ப சோடா, புளிப்பைச் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். ஒரு டீஸ்பூன் சோடா சுமார் 5 கிராம். அது முழுதாக வினைபுரிந்தால் வெளிவரும் வாயு கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, இன்னொன்றையும் ஏறக்குறைய பாதி நிரப்பும் அளவு. இட்லி மாவு இதே வாயுவுக்காக இரவு முழுக்கக் காத்திருக்கிறது. அங்கே லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா உட்கார்ந்து நிதானமாக ஊதும். சோடாவுக்குச் சில நொடிகள் போதும். அந்த வேகம்தான் தொல்லையும்கூட. மாவைக் கலந்து வைத்துவிட்டு அரட்டை அடித்தால் வாயு பாதி பறந்துவிடும்.

இந்த அவசரத்துக்கு மருந்தாக வந்ததுதான் பேக்கிங் பவுடர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மருந்து வணிகராக இருந்த ஆல்ஃபிரட் பேர்டு என்பவரின் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக ஆல்ஃபிரட் 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடர் செய்தார். 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்கும் பொடியையும் கண்டுபிடித்தார். சோடாவையும் உலர்ந்த புளிப்புப் பொடியையும் ஒரே டப்பாவில் அடைத்து, இரண்டும் சண்டை போடாமலிருக்க நடுவே மாவுச்சத்தைப் போட்டு ஈரம் அண்டாமல் காப்பதுதான் சூட்சுமம். இன்று கடையில் கிடைக்கும் பவுடரில் பெரும்பாலும் புளிப்பு இரண்டு வகை. ஒன்று நீர் பட்டவுடன் வேலை செய்யும். மற்றது ஓவனின் சூடு ஏறும்வரை தூங்கும். அரட்டைக்காரர்களுக்கு அந்த இரண்டாவது பேருதவி.

சாக்லேட் கேக்கில் இந்தப் புளிப்புக் கணக்கு இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் கொக்கோவே புளிப்பானது. அதன் காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம், பொள்ளாச்சி வரை போனால் போதும். அங்கே தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கொக்கோ நிற்கிறது. பலா மாதிரி அடிமரத்திலிருந்தே நேராகக் காய்க்கும் மரம். விரல்நுனி அளவுப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை, கொசுவைவிடச் சிறிய ஒருவகை ஈக்கள். காயைப் பிளந்தால் வெண்ணிறச் சதைக்குள் முப்பது நாற்பது விதைகள். அந்தச் சதை இனிக்கும். விதையைக் கடித்தால் முகம் சுளிக்க வைக்கும் கசப்பு, சாக்லேட்டின் வாசனை துளியும் கிடையாது.

வாசனையைக் கொண்டுவருவது அழுகல்தான். விதைகளைச் சதையோடு குவித்து, வாழையிலையோ சாக்கோ போட்டு மூடி, ஐந்தாறு நாள் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஈஸ்ட்டுகள் வந்து சதையின் சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னாலேயே வரும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்காடியாக்கும். அந்த வேலையில் கிளம்பும் சூட்டால் குவியல் 50 டிகிரியை நெருங்கும், அடுப்பே இல்லாமல். சூட்டிலும் புளிப்பிலும் விதை உயிரை விட, உள்ளேயிருந்த நொதிகள் கட்டவிழ்ந்து புரதங்களைத் துண்டாடுகின்றன. அந்தத் துண்டுகள்தான் பிறகு வறுக்கும்போது நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறுகின்றன. புளிக்க வைக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் கிடைக்காது. காடியின் மிச்சம்தான் கொக்கோ பவுடரின் புளிப்பு.

வறுத்த பருப்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. அதைப் பிழிந்தெடுக்கும் அழுத்தும் கருவிக்கு ஆம்ஸ்டர்டாமின் வான் ஹௌட்டன் குடும்பம் 1828-இல் காப்புரிமை வாங்கியது. பிழிந்த பின் மிஞ்சிய பிண்ணாக்கின் பொடிதான் கொக்கோ பவுடர். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். நீரில் எளிதாகக் கலக்கட்டும் என்று கொக்கோவைக் காரத்தோடு சேர்த்தார்கள். புளிப்பு போயிற்று, நிறம் கருத்தது, கசப்பு மென்மையானது. இன்றும் கடையில் இரண்டு வகையும் கிடைக்கின்றன, இரண்டுக்கும் பெயர் ஒன்றே. சமையல் குறிப்பு புளிப்புக் கொக்கோவை நினைத்துச் சோடாவை மட்டும் சொல்லியிருக்கும். நீங்கள் காரம் சேர்த்ததை வாங்கி வந்திருப்பீர்கள். சோடாவுக்கு ஜோடி கிடைக்காது, கேக் சரியாக எழும்பாது, சோப்பு வாடையும் அடிக்கும். டப்பாவின் பின்புறம் காரம் சேர்த்ததாகப் போட்டிருந்தால் கலவையில் தயிரோ மோரோ சேருங்கள். நம் வீடுகளில் முட்டையில்லாத கேக்குக்குத் தயிர் சேர்க்கும் வழக்கமும் இந்த ரசாயனத்தில்தான் நிற்கிறது.

கொக்கோவில் ஒட்டிய கொழுப்பு அதைத் தண்ணீரில் சேரவிடாது. பச்சைத் தண்ணீரில் போட்டால் கட்டிகட்டியாக மிதக்கும். கொதிக்கும் நீரில் கரைத்தால் கொழுப்பு இளகி, மணம் விடுபடும். தண்ணீருக்குப் பதில் சூடான காபி ஊற்றச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. ஃபில்டர் காபி டிகாஷன் இருக்கும் வீட்டில் அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. அரை டம்ளர் டிகாஷன் விட்டேன். கேக்கில் காபி தெரியவில்லை, சாக்லேட்தான் கூடுதலாகத் தெரிந்தது. வறுத்த கொட்டையின் மணம் இரண்டுக்கும் பொது. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடுகிறது.

மைதாவிடம் கேக் எதிர்பார்ப்பதும் பரோட்டா எதிர்பார்ப்பதும் நேர்மாறு. மைதாவின் இரண்டு புரதங்கள் நீரில் நனைந்து பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னி, குளுட்டன் என்ற ரப்பர் வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, இழுத்து, வீசுவதெல்லாம் இந்த வலையை வளர்க்கத்தான். கேக்கில் அதே வலை எதிரி. அதனால்தான் மைதா சேர்த்த பிறகு அதிகம் கலக்காதே என்கிறார்கள். சில கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவது நல்லது. வெண்ணெய் புரதங்களின் மேல் பூசிக்கொண்டு அவை கைகோக்காமல் தடுக்கிறது. சர்க்கரை அவற்றுக்கான நீரைத் தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொக்கோவுக்குக் குளுட்டனே கிடையாது. சாக்லேட் கேக் கூடுதல் மிருதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ஓவன். வெளியே 180 டிகிரி. உள்ளே அந்த ஒரு கைப்பிடி மாவுக்குள் அடுத்த இருபது நிமிடம் நடப்பதை ஒரு நாடகமாகவே போடலாம். முப்பதுகளில் வெண்ணெய் உருகுகிறது. அதுவரை வெண்ணெய்க்குள் சிறைப்பட்டிருந்த குமிழிகள் நீர்ப்பகுதிக்குள் விடுபடுகின்றன. முட்டைப் புரதங்கள் ஓடிவந்து அவற்றைச் சுற்றித் தோல் போர்த்துகின்றன. சூடு ஏற ஏற பேக்கிங் பவுடரின் தூங்கும் பாதி விழித்து ஊதத் தொடங்குகிறது. குமிழிக்குள் இருக்கும் காற்றும் சும்மா இருக்காது. அறைச் சூட்டிலிருந்து 100 டிகிரிக்குப் போவதற்குள் ஏறக்குறைய கால் பங்கு விரியும். நீராவியோ இன்னும் பெரிய ராட்சசன். ஒரு டீஸ்பூன் தண்ணீர் முழுதாக ஆவியானால் எட்டு லிட்டரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது, நல்லவேளை. எடை குறைந்த மர்மமும் இதுதான்.

இந்த வீக்கத்துக்கு எதிராக இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாவுச்சத்து நீரைக் குடித்துக் கஞ்சியாகிறது, முட்டைப் புரதங்கள் அவித்த முட்டைபோல் இறுகுகின்றன. சுவர் காய்கிறது. வெறும் தண்ணீரில் கோதுமை மாவுச்சத்து 60 டிகிரி வாக்கிலேயே கஞ்சியாகத் தொடங்கிவிடும். அவ்வளவு சீக்கிரம் சுவர் இறுகினால் கேக் கட்டையாகத்தான் வரும். அதைத் தள்ளிப்போடுவது சர்க்கரை. நிறையச் சர்க்கரை இருக்கும் கலவையில் அதே மாவுச்சத்து 80 டிகிரியைத் தாண்டித்தான் கஞ்சியாகும். சர்க்கரை இனிப்புக்காக என்று நினைத்திருந்தேன். அது குமிழிகளுக்கு வாய்தா வாங்கித் தரும் வக்கீலும்கூட. ‘உடம்புக்கு நல்லது’ என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் கேக் ஏன் கேக்காக வருவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

கடைசிக் காட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுவர் இறுகும் அதே தருணத்தில் குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி அறையாக இருந்த குமிழிகள், பக்கத்துச் சுவரில் துளை விழுந்து ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நுரை பஞ்சாகிறது. இது விபத்தல்ல, அவசியம். குமிழிகள் மூடியே இருந்தால் கேக் ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, சுவர்களை உள்ளே இழுத்துவிடும். துளை இருப்பதால் வெளிக்காற்று நுழைந்து இடத்தை நிரப்புகிறது. நாம் தின்னும் கப்கேக்கில் இருப்பது வீட்டுக் காற்றுதான்.

என் முதல் ஈடு குழிந்த கதையும் இதில் அடக்கம். “மாமா, ஒரே ஒரு தடவை பார்ப்போம்” என்று மருமகள் கெஞ்ச, “கதவைத் திறக்காதடா!” என்று அக்கா கத்த, பத்தாவது நிமிடத்தில் நான் கதவைத் திறந்தேன். அந்த நேரத்தில் நடுப்பகுதிச் சுவர்கள் இன்னும் கூழாகவே இருந்தன. குளிர்ந்த காற்று பட்டதும் குமிழிகள் சுருங்கின, கூரை இறங்கியது. பன்னிரண்டு கப்கேக்கும் தொப்புளோடு வெளியே வந்தன. ஓவனில் விளக்கும் கண்ணாடியும் வைத்தவர் என்னைப் போன்ற மாமாக்களைக் கண்டிருக்க வேண்டும்.

ஓவன் 180 டிகிரி என்றாலும் கேக்கின் உள்ளே 100-ஐத் தாண்டுவதில்லை. ஈரம் இருக்கும்வரை ஆவியாவதிலேயே சூடு செலவாகிவிடுகிறது. உள்ளளவில் கப்கேக்கும் இட்லியும் ஒரே சூட்டில் வெந்தவைதான். வேறுபாடு தோலில். மேற்பரப்பு உலர்ந்து 100-ஐத் தாண்டியதும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகி மணம் கிளப்பும் வினை தொடங்குகிறது. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி-கமில் மையார் பெயரால் அதற்கு மையார் வினை என்று பெயர். தோசையின் முறுகலும் வறுத்த கொக்கோவின் மணமும் அதன் கைவண்ணமே. குக்கரில் உப்பைக் கொட்டி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுக் கேக் சுடும் நம் வீட்டு முறை வெற்றி பெறுவதும் அந்த உலர்ந்த சூட்டால்தான். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிடக் கால் பங்கு வரை குறைவு. குமிழிகள் கட்டுப்பாடின்றிப் பெருத்து உடையும். பேக்கிங் பவுடரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் கிண்ணம்? ஒரே பெரிய கேக்காகச் சுட்டால் என்ன? 1796-இல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலில் சிறு கோப்பைகளில் சுடுவதற்கென ஒரு கேக் இருக்கிறது. 1828-இல் எலைசா லெஸ்லி என்பவரின் நூலில் ‘கப் கேக்’ என்ற பெயரே வந்துவிட்டது. சிறிய உருவின் லாபம் எளிய கணக்கு. கேக்குக்குள் சூடு மெல்லத்தான் ஊரும். இரண்டு மடங்கு தூரம் போக அதற்கு நான்கு மடங்கு நேரம் தேவை. சாம்பாரில் மிதக்கும் குட்டி இட்லி பெரிய இட்லிக்கு முன் வெந்துவிடுவது இதனால்தான். பெரிய கேக்கில் நடு வேகும்வரை காத்திருந்தால் ஓரம் வறண்டுவிடும். கப்கேக்கில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டு விரல்கடைதான். இருபது நிமிடத்தில் ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து இறக்கிவிடலாம்.

சுட்டதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். முந்தின நாள் சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் விரைத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கஞ்சியான மாவுச்சத்து குளிரில் மீண்டும் படிகமாக அடுக்கிக்கொள்கிறது. ஃபிரிட்ஜின் குளிர்தான் அதற்கு மிக வசதியான சூழல். அறைச் சூட்டில் மூடிய டப்பாவில் வைத்த கப்கேக் அதைவிட மிருதுவாக இருக்கும்.

ஐசிங்குக்கு வருவோம், அதாவது என் அவமானத்துக்கு. பட்டர்க்ரீம் என்பது வெண்ணெயும் ஐசிங் சுகரும் அடித்த கலவை. வெண்ணெய் வெறும் கொழுப்பல்ல, கொழுப்புக்குள் நுண்ணிய நீர்த்துளிகள் சிதறிக் கிடக்கும் பால்மம், அதாவது ஒட்டாத இரண்டு திரவங்களின் கட்டாயக் கூட்டணி. கடை வெண்ணெய் 100 கிராமில் 16 கிராம் வரை தண்ணீர் இருக்கலாம், ஒரு மேசைக்கரண்டிக்கு மேல். சர்க்கரையின் ஒரு பகுதி அந்தத் துளிகளில் கரைந்து பாகாகிறது. எல்லாவற்றையும் தாங்கி நிற்பது கொழுப்பின் படிகங்கள். 35 டிகிரியை நெருங்கும்போது பாற்கொழுப்பில் பெரும்பகுதி உருகிவிடும். அன்று மதுரையில் நிழலிலேயே அதற்கு மேல். நான் வைத்த ரோஜாக்கள் விருந்தினர் வருவதற்குள் கப்கேக்கின் தோளில் சரிந்து, தட்டில் குளமாயின.

நம் ஊர் பேக்கரிக்காரர்கள் இதற்குத்தான் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீமை நாடுகிறார்கள். பனைக்கொட்டை எண்ணெயைப் பதப்படுத்தி, உருகும் சூட்டைத் தேவைக்கேற்ப ஏற்றி வைத்திருப்பார்கள். நாக்கில் கொஞ்சம் மெழுகாக ஒட்டும் என்பது என் புகார். ஆனால் வெயிலில் நிற்கிறதே. உண்மையான சாக்லேட்டின் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். நம் உடல் 37. அந்த மூன்று டிகிரி இடைவெளியில்தான் வாயில் போட்டதும் கரையும் சுகம் முழுதும் இருக்கிறது. அதே மூன்று டிகிரிதான் மே மாதத்தில் சாக்லேட்டைக் காலி செய்கிறது. கடைசியில் ரோஜாக்களை வழித்தெடுத்துவிட்டு, சாக்லேட் இரண்டு பங்கு, சூடான க்ரீம் ஒரு பங்கு கலந்த கனாஷை, ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து, பரிமாறுவதற்குச் சற்று முன் வைத்தேன்.

பைப்பிங் பேக்கைப் பிழிந்தபோது ஒன்று கவனித்தேன். அழுத்தினால் க்ரீம் ஓடுகிறது. கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கிறது, மடிப்புகூடக் கலையாமல். திடமா, திரவமா? இரண்டுமாக நடிக்கும் இத்தகைய பொருள்கள், ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால்தான் நகரும். பற்பசையும் அப்படித்தான், முறுக்கு மாவும் அப்படித்தான். நட்சத்திர நாசிலைப் பார்த்த அக்கா, “இது முள்ளு முறுக்கு அச்சுடா” என்றாள். மறுக்க முடியவில்லை.

விருந்து முடிந்ததும் குழந்தைகள் கட்டிலில் குதித்தார்கள். “எல்லாம் சர்க்கரை செய்கிற வேலை” என்றாள் ஒரு தாய். 1995-இல் 23 சோதனைகளைச் சேர்த்து அலசிய அமெரிக்க ஆய்வு, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதற்குச் சான்று இல்லை என்றது. அதற்கு முந்தைய ஆண்டின் சோதனை இன்னும் குறும்பானது. சர்க்கரையே இல்லாத பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, பாதித் தாய்மார்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்தத் தாய்மார்களுக்கே தங்கள் பிள்ளைகள் கட்டுக்கடங்காதவர்களாகத் தெரிந்தார்கள். குதிக்க வைப்பது பிறந்தநாள்தான்.

கடைசியாக மெழுகுவர்த்தி. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஐசிங் பூசிய தளத்தில் மெழுகுவர்த்தி நட்டு, பீட்சா தின்ற ஆட்களை ஊதி அணைக்கச் சொன்னார்கள். 2017-இல் வெளியான முடிவு: ஊதாத ஐசிங்கைவிட ஊதிய ஐசிங்கில் சராசரியாக 14 மடங்கு பாக்டீரியா. வாயில் வாழ்பவை பெரும்பாலும் அப்பாவிகள், பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பெரிய கேக்கில் அந்த மூச்சுக்காற்று எல்லோர் பங்குக்கும் போகும். 24 கப்கேக்கில் ஒன்றில் மட்டும் மெழுகுவர்த்தியைக் குத்துங்கள். மற்றவற்றைத் தள்ளி வையுங்கள். ஊதியவருக்கே அந்த ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.